எதிர்பார்க்கும் செவி

எழுத்தில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நாம் விடுகிற வெற்றிடம் பேச்சில் கிடையாது. நித்தமும் பேசியும் கேட்டும் பழகிய நமக்கு இது எளிதில் நம்பக்கூடிய செய்தியாகத் தோன்றாது. ஒருவர் பேசும்போது சொற்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்து காதில் விழுவதாகவே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அதே பேச்சைக் கருவியின் உதவியால் படமாக்கிப் பார்க்கிறவர்கள் காண்பது வேறு. 'பட்டுப் புடவை எடுத்து வந்தாள்' என்று ஒருவர் இயல்பான வேகத்தில் சொல்லும் வாக்கியத்தை, 1940-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான ஒலிநிறமாலைக் கருவியைக் கொண்டு தீட்டிப் பார்த்தால், 'பட்டு' என்ற ஒரே சொல்லின் நடுவில், நா மேலண்ணத்தில் அழுந்தி நிற்கிற இடத்தில், ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடி நேரம் ஓசையே இல்லாதிருப்பது தெரியும். 'புடவை', 'எடுத்து' என்னும் இரண்டு சொற்கள் கூடும் இடத்திலோ மௌனம் என்பதற்கே இடமின்றி ஐகாரம் எகரத்தினுள் வழுக்கிச் சென்றுவிடும். இந்த இடையறாத ஓட்டத்திலிருந்து சொற்களைப் பிரித்தெடுத்து, நாம் சொல்லச் சொல்லத் திரையில் வரிவரியாக எழுதிக் காட்டும் மென்பொருள் இன்று சாதாரணக் கைப்பேசியிலும் கிடைக்கிறது. அது எங்ஙனம் சாத்தியமாயிற்று என்பதை விளங்கிக்கொள்வது, அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கும், தமிழில் அது செவ்வையாக அமைய வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கும் அவசியம் என்று நான் கருதுகிறேன்.

நம்முடைய இலக்கண ஆசிரியர்கள் இந்தச் சிக்கலை அறியாதவர்கள் அல்லர். நன்னூலார் சொற்களைத் தனிமொழி, தொடர்மொழி, பொதுமொழி என்று மூவகைப்படுத்துகையில், ஒரே சொல்லாக நின்று ஒரு பொருளையும் பிரிந்து நின்று வேறொரு பொருளையும் தருவதைப் பொதுமொழி என்றார். அதற்கு 'எட்டு', 'வேங்கை', 'தாமரை' முதலியவற்றை உதாரணம் காட்டுவது வழக்கம். வேங்கை என்பது மரமாகவும் இருக்கலாம்; வேம் கை என்று பிரிந்து வேகின்ற கையாகவும் இருக்கலாம். எட்டு என்பது எண்ணாகவும் இருக்கலாம். எள் து என்று பிரிந்து எள்ளை உண் என்னும் ஏவலாகவும் இருக்கலாம். வெறும் ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் இன்னது என்று எவராலும் தீர்மானிக்க இயலாது. முன்னே என்ன வந்தது, பின்னே என்ன வரக்கூடும் என்பதைக் கொண்டுதான் கேட்கிறவர் முடிவு செய்கிறார். ஆகவே கேட்டல் என்னும் தொழிலில் பாதிதான் செவியைச் சேர்ந்தது, மறுபாதி எதிர்பார்த்தல். யந்திரத்துக்கு அந்த மறுபாதியைக் கற்பிக்கத்தான் விஞ்ஞானிகள் அரை நூற்றாண்டுக்கு மேல் பாடுபட்டார்கள். எதை எதிர்பார்க்குமாறு அதற்குக் கற்பிக்கிறோமோ, அதுவே அதன் செவிக்கு எல்லையாகவும் அமைந்துவிடுகிறது.

முதலில் செவியின் பங்கைப் பார்ப்போம். ஒலிவாங்கியின் முன் நாம் பேசும்போது காற்றில் எழும் அழுத்த மாறுதல்கள் மின்னலைகளாகி, பொதுவாக வினாடிக்கு 16,000 முறை அளக்கப்பட்டு, எண்களின் நெடிய வரிசையாகக் கணினியினுள் நுழைகின்றன. மென்பொருள் அந்த வரிசையை நாற்பதில் ஒரு வினாடி நீளமுள்ள சிறு துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி, வினாடிக்கு நூறு துண்டுகள் வீதம் நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று கணக்கிடுகிறது. நம்முடைய குரல்நாண்கள், ஆண்களானால் வினாடிக்கு நூறு நூற்றிருபது முறையும், பெண்களானால் இருநூறு முறையை ஒட்டியும் அதிர்கின்றன. அந்த அதிர்வு தொண்டை, வாய், மூக்கு ஆகிய அறைகளின் வழியே வெளிவரும்போது, நாவும் உதடும் அந்த அறைகளுக்குக் கொடுக்கும் வடிவத்துக்கு ஏற்பச் சில அதிர்வெண்கள் வலுப்பெறுகின்றன, சில மங்குகின்றன. இவ்வாறு வலுப்பெற்ற பட்டைகள் இரண்டு மூன்றின் இருப்பிடமே 'ஆ' என்பதையும் 'ஈ' என்பதையும் வேறுபடுத்துகிறது. கட்டு, தட்டு, பட்டு என்னும் மூன்று சொற்களிலும் முதல் மெய்க்கென்று தனித்த ஓசை மிகச் சொற்பம். மூடிய வாய் திறந்த கணத்திலிருந்து இருபதில் ஒரு வினாடிக்குள், அந்தப் பட்டைகள் மேலிருந்து வளைந்து வருகின்றனவா கீழிருந்து வளைந்து வருகின்றனவா என்பதிலேதான் அவற்றின் வித்தியாசம் பெரிதும் அடங்கியிருக்கிறது. எழுத்துக்களை நாவும் அண்ணமும் பல்லும் இதழும் கூடும் இடங்களைக் கொண்டு வகுத்த தொல்காப்பியப் பிறப்பியலைப் படித்தவர்களுக்கு, அந்தப் பகுப்பு இந்தப் படங்களில் கோடுகளாகக் கண்ணெதிரே தெரிவது பெரும் வியப்பைத் தரும்.

யந்திரத்துக்குச் செவி கொடுக்க முயன்ற முதல் ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பட்டைகளையே முழுக்க நம்பினார்கள். 1952-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டேவிஸ், பிடல்ஃப், பாலஷெக் என்னும் மூவர் 'ஆட்ரி' என்ற கருவியை நிர்மாணித்தார்கள். ஆறடி உயரச் சட்டத்தை நிறைத்து நின்ற அந்தக் கருவி, பூஜ்யம் முதல் ஒன்பது வரையுள்ள எண்களை, ஒவ்வொன்றுக்கும் நடுவே நிறுத்திச் சொன்னால், அதுவும் அதற்குப் பழக்கப்பட்ட குரலாக இருந்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு அளவுக்குச் சரியாகக் கண்டுகொண்டது. குரல் மாறினால் கருவியையும் மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. 1962-இல் சியாட்டில் நகரத்து உலகப் பொருட்காட்சியில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வைத்த 'ஷூபாக்ஸ்' என்னும் யந்திரம் பதினாறு சொற்களை அறிந்திருந்தது.

தடை எங்கே இருந்ததென்றால், ஒரே மனிதர் ஒரே சொல்லை இரண்டு முறை ஒரே மாதிரி சொல்வதில்லை என்பதில் இருந்தது. வீதியில் எதிர்ப்பட்டவரிடம் 'வணக்கம்' என்று விரைந்து சொல்லிச் செல்பவர் மேடையில் அதையே நீட்டிச் சொல்கிறார். அந்த நீட்சியும் எல்லா எழுத்துக்களிலும் சமமாகப் பரவுவதில்லை, உயிர்கள் அதிகமாகவும் மெய்கள் குறைவாகவும் நீள்கின்றன. வேகமாகப் பேசுகிறவர் வாயில் வருகிற 'கால்', நிதானமாகப் பேசுகிறவர் வாயில் வருகிற 'கல்'லைவிடக் குறைந்த நேரமே எடுத்துக்கொள்ளக்கூடும். ஆயினும் கேட்கிறவருக்கு மயக்கம் வருவதில்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று நம் முன்னோர் வகுத்த கணக்கை, கடிகாரத்தின் அளவாக எடுத்துக்கொள்ளாமல் பேசுகிறவரின் வேகத்துக்குள் அமைந்த விகிதமாகவே கொள்ள வேண்டும் என்பது இதனால் விளங்கும். 1968-இல் கீவ் நகரத்து விஞ்ஞானி தராஸ் வின்ட்சியூக், இரண்டு ஒலிப்படங்களில் ஒன்றை ஆங்காங்கே இழுத்தும் சுருக்கியும் மற்றொன்றோடு பொருத்திப் பார்க்கும் கணித முறையை வெளியிட்டார். பின்னர் ஜப்பானில் சகோயே, சிபா என்னும் இருவர் இவ்வழியே சென்று அதைச் செப்பமுறச் செய்தார்கள். இந்த விகிதத்தைக் கணினியும் உணர்வதற்கு அது முதற்படி ஆயிற்று.

எதிர்பார்த்தலுக்கு வருவோம். நியூயார்க் மாநிலத்தில் யார்க்டவுன் ஹைட்ஸ் என்னும் இடத்தில் உள்ள ஐ.பி.எம். ஆராய்ச்சி நிலையத்துக்கு 1972-இல் வந்து சேர்ந்த ஃப்ரெடெரிக் ஜெலினெக், செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். தகவல் கோட்பாட்டில் தேர்ந்தவர். அவர் இந்தப் பிரச்சினையை வேறொரு கோணத்திலிருந்து அணுகினார். பேசுகிறவர் மனத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அது வாயையும் காற்றையும் ஒலிவாங்கியையும் கடந்து வருகையில் சிதைந்து வருகிறது. சிதைந்து வந்ததைக் கொண்டு மூலத்தை ஊகிக்க வேண்டும். அதற்கு இரண்டு கேள்விகள் போதும். இன்ன வாக்கியத்தை ஒருவர் சொல்லியிருந்தால் இந்த ஓசை பிறந்திருப்பதற்கு எவ்வளவு சாத்தியம் உண்டு என்பது ஒன்று. இன்ன வாக்கியத்தை ஒருவர் சொல்லுவதற்கே எவ்வளவு சாத்தியம் உண்டு என்பது மற்றொன்று. இரண்டையும் பெருக்கி, எந்த வாக்கியத்துக்குப் பெருக்குத்தொகை மிகுதியாக வருகிறதோ அதை எழுத வேண்டியதுதான்.

முதல் கேள்விக்கு விடை ஒலிப்பதிவுகளிலிருந்து கிடைக்கிறது. இரண்டாவதற்கு விடை தருவது, அந்த மொழியில் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ள ஏராளமான எழுத்து. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் இந்த வழிக்கு மூலபுருஷர் ருஷ்யக் கணித மேதை ஆந்த்ரேய் மார்க்கோவ். அவர் 1913-இல், புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' காவியத்திலிருந்து 20,000 எழுத்துக்களை எடுத்துக்கொண்டு, உயிரை அடுத்து உயிர் எத்தனை முறை வருகிறது, மெய் எத்தனை முறை வருகிறது என்று பொறுமையோடு கையால் எண்ணிக் கணக்கிட்டார். கவிதையை எண்களாக்கிய அந்தக் கணக்கு, ஒரு காலத்தில் மனிதர் பேச்சை யந்திரம் எழுதுவதற்கு உதவும் என்று அன்று ஒருவரும் நினைத்திருக்க முடியாது. தமிழில் இதன் பயனைக் காண்பதற்கு ஓர் உதாரணம் போதும். 'மனம்', 'மணம்' இரண்டையும் பலர் ஒன்றுபோலவே உச்சரிக்கிறார்கள். ஆனால் முன்னால் 'தாயின்' என்று வந்திருந்தால் மென்பொருள் 'மனம்' என்றும், 'மல்லிகையின்' என்று வந்திருந்தால் 'மணம்' என்றும் எழுதுகிறது. ழகரம் வாயில் வராமல் 'வாளைப்பளம்' என்று சொல்கிறவருக்கும் அது 'வாழைப்பழம்' என்றே எழுதிக் கொடுக்கிறது. அதே சமயம், 'மல்லிகையின் மனம்' என்று ஒரு கவிஞர் கருத்தோடு சொல்வாரானால், அதை அது பெரும்பாலும் 'மணம்' என்றே ஆக்கிவிடும். வழக்கத்தில் உள்ளதற்குத் துணை செய்கிற அதே குணம், புதியதைச் சொல்ல முயல்கிறவருக்கு இடையூறாகவும் நிற்கிறது.

ஜெலினெக்கின் குழுவினர் 1980-களின் மத்தியில் 20,000 சொற்களை அறிந்த 'டங்கோரா' என்னும் பேச்சுத் தட்டச்சு யந்திரத்தை உருவாக்கினார்கள். தட்டச்சு வேகத்தில் உலக சாதனை படைத்த ஆல்பர்ட் டங்கோராவின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். இதற்கு முன்பிருந்தே இத்துறையின் மற்றொரு கிளை கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ராஜ் ரெட்டியின் தலைமையில் வளர்ந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில், சித்தூர் ஜில்லாவில் உள்ள காட்டூர் கிராமத்தில் 1937-இல் பிறந்து, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்று, ஆஸ்திரேலியாவிலும் பின்னர் ஸ்டான்ஃபோர்டிலும் பயின்ற அவர், 1994-இல் கணினித் துறையின் மிக உயர்ந்த கௌரவமான டூரிங் பரிசைப் பெற்றவர்களில் ஒருவர். அவருடைய பல்கலைக்கழகத்தில் 1976-இல் உருவான 'ஹார்ப்பி' என்னும் மென்பொருள் 1,011 சொற்களை, தொடர்ச்சியான பேச்சாகவே, கண்டுகொண்டது. கேட்ட ஒலிக்குப் பொருந்தக்கூடிய வாக்கியங்கள் கோடிக்கணக்கில் இருக்க, எல்லாவற்றையும் ஆராயாமல், ஒவ்வொரு கணத்திலும் நம்பிக்கை தரும் சில பாதைகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்டுச் செல்லும் உபாயத்தை அது கையாண்டது. இன்றும் பல மென்பொருள்கள் இந்த உபாயத்தை விடவில்லை.

அவருடைய மாணவர்களான ஜேம்ஸ் பேக்கரும், அவர் மனைவி ஜேனட் பேக்கரும் 1982-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 'டிராகன் சிஸ்டம்ஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1990-இல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த 'டிராகன் டிக்டேட்' மென்பொருளின் விலை 9,000 டாலர். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் சற்றே நிறுத்தி, அடுத்த சொல்லைச் சொல்ல வேண்டும். ஓயாமல் தட்டச்சு செய்து மணிக்கட்டும் விரல்களும் நோவெடுத்து, வேலையையே விட்டுவிடும் நிலைக்கு வந்தவர்களே அதை ஆவலோடு வாங்கியவர்களுள் முக்கியமானவர்கள். அவர்களில் சிலருக்குச் சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசியதனாலேயே தொண்டை கட்டிக் குரல் பாதிக்கப்பட்டதும் உண்டு. 1997-இல் வந்த 'நேச்சுரலி ஸ்பீக்கிங்' இந்தத் துன்பத்தை நீக்கியது. இயல்பான வேகத்தில், நிறுத்தாமல் பேசலாம் என்ற நிலை அன்றுதான் பொதுமக்களுக்கு வந்தது. எக்ஸ்-கதிர்ப் படங்களைப் பார்த்து அறிக்கை சொல்லும் மருத்துவர்களும், வழக்கறிஞர்களும், கண்பார்வை குன்றியவர்களும் இதன் பயனை நன்கு அறிவார்கள்.

2010-ஆம் ஆண்டை ஒட்டி மற்றொரு மாறுதல் நேர்ந்தது. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை மனிதர் வகுத்த பகுதிகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை மெல்ல மெல்லக் கைவிடப்பட்டு, பல அடுக்குகள் கொண்ட செயற்கை நரம்பு வலைப்பின்னல் அந்த இடத்துக்கு வந்தது. 2012-இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தாரும், மைக்ரோசாஃப்ட், கூகுள், ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்களும் கூட்டாக வெளியிட்ட கட்டுரை இதன் மேன்மையை ஐயமற நிலைநாட்டியது. ஒலியையும் அதற்குரிய எழுத்தையும் ஜோடி ஜோடியாகக் காட்டிக்கொண்டே போனால், இடையில் உள்ள விதிகளை வலைப்பின்னல் தானே கண்டுகொள்கிறது. செவியும் எதிர்பார்ப்பும் ஒரே கணக்கினுள் கலந்துவிடுகின்றன. 2022-இல் ஓபன் ஏ.ஐ. நிறுவனம் வெளியிட்ட 'விஸ்பர்' என்னும் மென்பொருள் 6,80,000 மணி நேரப் பேச்சைக் கொண்டு பயிற்றப்பட்டது. அதில் ஆங்கிலம் நீங்கலான 96 மொழிகளுக்கும் சேர்த்துக் கிடைத்த பங்கு 1,17,000 மணி நேரம். இத்தகைய மென்பொருள்களில் எதிர்பார்ப்பு எவ்வளவு வலிமை பெற்றுவிட்டது என்றால், பேசுகிறவர் வெறுமனே மௌனமாக இருக்கும்போது, எவரும் சொல்லாத வாக்கியங்களையும் அவை சில வேளைகளில் எழுதிவிடுகின்றன. மருத்துவக் குறிப்பு போன்றவற்றை இவற்றிடம் ஒப்படைப்பவர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய அபாயம் இது.

தமிழின் நிலை என்ன? ஆங்கிலத்துக்கு 20,000 சொற்களின் பட்டியல் ஓரளவு போதும். தமிழில் 'வா' என்னும் ஒரு வினையிலிருந்தே வந்தவர், வந்தவர்களுக்கும், வந்துகொண்டிருந்தவர்களோடு, வராதவர்களுக்காகவும் என்று ஆயிரக்கணக்கான உருவங்கள் பிறக்கின்றன. அவற்றை எல்லாம் பட்டியலில் அடக்குவது நடவாத காரியம். ஆகவே முழுச் சொல்லை விட்டு, சொற்களின் துண்டுகளைப் பழகி, தேவைக்கேற்ப அவற்றை ஒட்டிக்கொள்ளும் முறை வந்த பிறகுதான் தமிழ் போன்ற மொழிகளுக்கு விமோசனம் கிடைத்தது. கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் 2017-இல் சேர்ந்தது. இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ், மலேசியத் தமிழ் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் வசதியும் அதில் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த 'ஏ.ஐ. ஃபார் பாரத்' குழுவினர், அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கைகளையும் அவற்றின் எழுத்துப் பிரதிகளையும் வாக்கியம் வாக்கியமாகப் பொருத்தி, தமிழ் உட்படப் பன்னிரண்டு மொழிகளுக்கு 6,000 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயிற்சிப் பேச்சைச் சேர்த்தார்கள். மிகவும் புத்திசாலித்தனமான காரியம். ஆனால் செய்தி வாசிப்பவரின் தமிழைக் கேட்டு வளர்ந்த செவிக்குச் சந்தையில் பேசும் தமிழ் அந்நியமாகவே இருக்கும். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்றால் பிழையின்றி எழுதுகிற மென்பொருள், 'வந்துக்கிட்டிருக்கேன்' என்றால் தடுமாறுகிறது. கோவைப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் அதற்கு மேலும் கடினம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'அந்தப் பையன்' என்று ஒற்றை அழுத்திச் சொன்னாலும் திரையில் பெரும்பாலும் 'அந்த பையன்' என்றே வருகிறது. அதன் செவியில் குறையில்லை. அது படித்த எழுத்துக்களில் ஒற்றுக்களை விட்டு எழுதும் பழக்கம் மலிந்திருப்பதால், அதையே அது மொழியின் நியதி என்று எடுத்துக்கொண்டது.

இந்த மென்பொருளைக் கொண்டு எழுத முற்படுகிறவர், அது இயங்கும் விதத்தை அறிந்து பேசினால் நல்ல பலன் பெறலாம். பிழை வந்தவுடன், குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி அழுத்திச் சொல்லத் தோன்றும். அது தவறு. சொற்களைத் தனித்தனியே துண்டித்தால், ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும் அக்கம்பக்கத்துச் சொற்களின் உதவி யந்திரத்துக்கு இல்லாமற் போகிறது. 'பல கைகள் சேர்ந்து அந்தப் பலகையைத் தூக்கின' என்று தடையின்றிச் சொல்லும்போது திரையைக் கவனித்தால், முதலில் 'பலகை' என்று விழுந்தது, வாக்கியம் வளர்ந்த பின் 'பல கைகள்' என்று தானே பிரிந்து திருந்துவதைக் காணலாம். சொல்லின் முதலில் வரும் ககரம் நடுவில் வரும் ககரத்தைவிடச் சற்று வன்மையாக ஒலிப்பது உண்மையெனினும், விரைந்த பேச்சில் அந்த வித்தியாசம் தேய்ந்துவிடும். 'சேர்ந்து', 'தூக்கின' என்னும் சொற்களே வழக்கைத் தீர்க்கின்றன. நம் மொழியில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருவதால், அது வரும்வரை யந்திரம் காத்திருக்க நேர்கிறது; வினைக்கு முன்னால் நாம் நீண்ட நேரம் யோசித்து நின்றால், வாக்கியம் முடிந்ததென்று எண்ணி அரைகுறையாக எழுதி முடித்துவிடுகிறது. எனவே வாக்கியம் முழுவதையும் மனத்தில் அமைத்துக்கொண்ட பிறகே வாயைத் திறக்க வேண்டும்.

இது நம் நாட்டுக்குப் புதிய அப்பியாசம் அன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுட்களை மனத்திலேயே இயற்றிச் சொல்லிக்கொண்டே போக, மாணவர்கள் ஏட்டில் எழுதிய விதத்தை உ. வே. சாமிநாதையர் விரிவாக வர்ணித்திருக்கிறார். வாயால் சொல்லி எழுதுவிப்பது நடையையும் மாற்றக்கூடும். ஆங்கில நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ், 1897-இல் கைவலி காரணமாகத் தட்டச்சாளரிடம் சொல்லி எழுதுவிக்கத் தொடங்கினார். அவருடைய பிற்கால வாக்கியங்களின் நீளத்துக்கு இப்பழக்கத்தைக் காரணமாகக் கூறும் விமர்சகர்கள் உண்டு. நம் காலத்தவரான அமெரிக்க நாவலாசிரியர் ரிச்சர்ட் பவர்ஸ், 2006-இல் தேசிய நூல் பரிசு பெற்ற நாவலைப் பேச்சறி மென்பொருளிடம் சொல்லியே எழுதியதாகத் தெரிவித்திருக்கிறார். என் அனுபவத்தில், முதற்படியைச் சொல்லி எழுதுவதும், திருத்தத்தைக் கையால் செய்வதுமே உத்தமம். ஏனெனில் சொல்லி எழுதியதில் நேரும் பிழை, கையால் எழுதியதில் நேரும் பிழையினின்றும் முற்றிலும் வேறு ஜாதியைச் சேர்ந்தது. விரல் தவறினால் சொல் உருக்குலைந்து கண்ணில் குத்துகிறது. யந்திரமோ உருக்குலைந்த சொல்லை எழுதுவது அரிது. நாம் சொன்ன சொல்லுக்குப் பதிலாக, எழுத்துப் பிழை ஏதுமற்ற வேறொரு நல்ல சொல்லை வைத்துவிடுகிறது. 'பள்ளி' இருக்க வேண்டிய இடத்தில் 'பல்லி' நிற்பதைக் கண் மேலோட்டமாகக் கடந்து சென்றுவிடும். சொல்லி எழுதியதை வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்ப்பவர்களுக்கு இத்தகைய பிழைகள் எளிதில் அகப்படும். தமிழுக்குக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறிகளைச் சொல்லி இடுகிற வசதி பல மென்பொருள்களில் இன்னும் இல்லாதது வருத்தத்துக்குரியது. நீண்ட வாக்கியம் எழுதுகிறவர்கள் அவற்றைப் பின்னர் கையால்தான் இட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

யாருடைய குரல் பயிற்சியில் இல்லையோ அவர் பேச்சு எழுத்தாவதில் தடை நேரும் என்பதற்கு அசைக்க முடியாத சான்று உண்டு. 2020-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், பெருநிறுவனங்கள் ஐந்தின் மென்பொருள்களை எடுத்துக்கொண்டு பரிசோதித்தபோது, அமெரிக்க வெள்ளையர் பேச்சில் சராசரியாக நூறு சொற்களுக்குப் பத்தொன்பது பிழைகளும், கறுப்பினத்தவர் பேச்சில் முப்பத்தைந்து பிழைகளும் நேர்ந்ததைக் கண்டார்கள். ஒரே நாட்டில், ஒரே மொழியில் இத்தனை வித்தியாசம். தமிழில் மாவட்டம், வயது, தொழில், நாடு என்று எத்தனை பிரிவுகள் உண்டோ அத்தனையிலிருந்தும் குரல்கள் வேண்டும். மொசில்லா அறக்கட்டளையின் 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் தமிழும் இருக்கிறது. யாரும் சில வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்யலாம், மற்றவர்கள் படித்தது சரியா என்று கேட்டு ஒப்புதல் தரலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், கிராமத்து இளைஞர்களும், வெளிநாட்டில் வாழும் நம்மவர்களும் தயங்காமல் செய்யக்கூடிய பணி இது.

எல்லோரிலும் இந்த வசதி மிகுதியாகத் தேவைப்படுகிறவர்களை இது இன்னும் சரிவர எட்டவில்லை என்பதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. நடுக்குவாதத்தால் கை நடுங்கி எழுத முடியாமற் போனவருக்கு, அதே நோய் குரலையும் தளரச் செய்துவிடுகிறது. மூளை முடக்குவாதத்தால் விரல்கள் வசப்படாத பிள்ளைக்குப் பல வேளைகளில் நாவும் வசப்படுவதில்லை. அவர்கள் பேச்சு, வலைப்பின்னல் பழகிய கோடிக்கணக்கான வாக்கியங்களின் எதிர்பார்ப்புக்குள் அடங்குவதில்லை. ஆங்கிலத்தில் இக்குறையைத் தீர்க்க இல்லினாய் பல்கலைக்கழகம் 2022-இல், அமேசான், ஆப்பிள், கூகுள், மெட்டா, மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்களின் துணையோடு அத்தகையோரின் குரல்களைச் சேகரிக்கத் தொடங்கியது. தமிழில், சென்னைக்குத் தெற்கே உள்ள எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள் பேச்சுக் குறைபாடு உள்ள தமிழர்களின் குரல்களைப் பதிவு செய்து ஒரு தொகுப்பை ஆக்கியிருக்கிறார்கள். அது விரிவடைய வேண்டுமானால் சிகிச்சை நிலையங்களும் சிறப்புப் பள்ளிகளும் குடும்பத்தாரும் ஒத்துழைக்க வேண்டும். பேசுகிறவர் களைத்துவிடாதபடி ஓர் அமர்வுக்குச் சில வாக்கியங்களே பதிவு செய்ய இயலும். ஒவ்வொரு வாக்கியத்தையும், அவர் சொல்ல வந்தது இன்னதென்று அவரை நன்கறிந்த தாயோ ஆசிரியரோ உடன் இருந்து எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.